பந்தியும் பாத்தியதையும்

1999-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், காலிபோர்னியாவில் தோன்றி ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்த, சுமார் ஐம்பது பேர் மட்டுமே வேலை பார்த்துவந்த ஒரு சிறு கம்பெனி, தனக்கு வருமானம் இன்ன வழியில் வரும் என்பது இன்னும் திடப்படாதிருந்த அந்த நிலையிலேயே, ஊழியர்களுக்குச் சமைத்துப் போடுவதற்கென்று தேர்ந்த சமையற்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. அந்தக் கம்பெனி கூகுள். சமையற்காரர் பெயர் சார்லி அயர்ஸ். மேஜை நாற்காலி வாங்குவது, வாடகை கட்டுவது, காகிதமும் மசியும் தருவிப்பது ஆகிய இவற்றையே ஆபீஸ் நிர்வாகம் என்று கருதி அதைக் கணக்குப்பிள்ளையின் உபதொழிலாக விட்டுவைத்திருந்த பழைய வழக்கத்துக்கு மாறாக, ஓர் ஊழியர் காலையில் படியேறுவது முதல் இரவில் வீடு திரும்பும் வரையில் அவர் உண்பது, உட்காருவது, பிரயாணம் செய்வது, களைத்தால் சற்றே சாய்வது ஆகிய யாவற்றையும் ஸ்தாபனமே யோசித்து ஏற்பாடு செய்யவேண்டும் என்ற ஒரு சம்பிரதாயம் அதற்கு முன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததுண்டு. ஆயினும் உலகம் உற்றுப் பார்த்துப் பின்பற்றத் தொடங்கியது கூகுளின் அடுப்பு எரியத் தொடங்கிய பிறகுதான். இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வளர்ந்துவரும் மென்பொருள் கம்பெனிகள் பலவற்றில் ‘ஊழியர் அனுபவம்’ என்ற பெயரில் ஒரு துறையும், அதற்கொரு தலைவரும், அவர் கையில் ஒரு பட்ஜெட்டும் இருப்பதைக் காண்கிறோம்.

இந்தச் சம்பிரதாயத்தை மேற்போக்காகப் பார்த்து ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பசித்த வயிற்றோடு ஒருவர் வெயிலில் கடை தேடி அலைவதைத் தவிர்ப்பது நல்ல காரியம். கணக்கெழுதுகிறவரும் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிறவரும் ஒரே மேஜையில் தட்டை வைத்து உண்ணும்போது, எந்தக் கூட்டத்திலும் எழாத பேச்சு எழுகிறது. ஒருவருடைய முடிச்சு மற்றவருடைய அனுபவத்தால் அவிழ்கிறது. இரவு வேலை முடிந்த பெண்ணை வாசல் வரையில் கொண்டுபோய் விட்டுவரும் வண்டி, அவள் தாயாருக்குத் தூக்கத்தைத் தருகிறது. இவற்றின் பிரயோஜனம் பிரத்தியட்சம்.

ஆனால் பிரயோஜனம் யாருக்கு என்ற கேள்வியை எழுப்பியே ஆகவேண்டும். 2004-இல் தம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தபோது, கூகுளின் ஸ்தாபகர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் முதலீட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இலவச உணவும் வைத்தியரும் துணி துவைக்கும் இயந்திரமும் தாங்கள் ஊழியர்க்கு அளித்துவருவதை அதில் குறிப்பிட்டு, இவற்றால் கம்பெனிக்கு நெடுங்காலத்தில் விளையும் நன்மையை ஆராய்ந்தே அளிப்பதாகவும், இவற்றைக் குறைப்பதைக் காட்டிலும் பெருக்குவதையே எதிர்பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். ஒளிவுமறைவற்ற கடிதம் அது. அவ்விருவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். எனினும் அந்த வாக்குறுதி யாருக்கு அளிக்கப்பட்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உண்கிறவருக்கு அல்லாமல், உணவுக்குப் பணம் போடுகிறவருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி அது. லாபம் உண்டு என்ற கணக்கின் பேரில் தரப்படுவது, கணக்கு மாறும் நாளில் நிற்கும். நிறுத்துகிறவர்களைக் குற்றம் சொல்லவும் வழியிராது, ஏனெனில் உண்டவரிடம் அவர்கள் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை.

நம் வீடுகளில் விருந்தாளிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எல்லோரும் அறிந்தது. விருந்தாளிக்கு இலையில் முதலில் இனிப்பு விழும். நல்ல பாயும் அவருக்கே. பேச்சிலும் ஒரு மெருகு இருக்கும். பிள்ளைக்கு மிஞ்சியது கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பூர்வீக வீட்டை விற்கிற நாளில் அந்தப் பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடியாது. பந்தி வேறு, பாத்தியதை வேறு. வளர்ந்துவரும் தொழில்நுட்பக் கம்பெனிகள் தம் ஊழியரைக் குடும்பம் என்று வாயார அழைக்கின்றன. நடத்துவதோ மேலான விருந்தாளிகளாக. இந்த முறையின் குணமும் குறையும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

உபசாரத்தில் ஓர் ஆட்சியும் கலந்திருக்கிறது. கூகுளின் நியூயார்க் ஆபீசில் ஊழியர்கள் மிட்டாய் அதிகம் தின்கிறார்கள் என்று கண்ட நிர்வாகத்தார், மிட்டாய்களை ஒளி ஊடுருவாத ஜாடிகளில் மறைத்து, பருப்பு வகைகளையும் அத்திப்பழத்தையும் கண்ணாடி ஜாடிகளில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். ஏழு வாரங்களில் அந்த ஆபீசின் சுமார் 2,000 பேரும் சேர்ந்து 31 லட்சம் கலோரி அளவு மிட்டாயைக் குறைத்துத் தின்றார்கள் என்று கணக்கு வந்தது. உடம்புக்கு நல்லதுதான், தாய் செய்வதும் இதுவேதான். ஆனால் தாயின் இடத்தில் நின்று இதைச் செய்கிற ஒருவர், அடுத்தபடி எதை எந்த ஜாடியில் மறைப்பார் என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரமும் அவர் கையிலேயே இருக்கிறது.

இந்தச் சங்கதி புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக்குத் தெற்கே, ரயில் பெட்டிகள் செய்யும் ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி, தம் தொழிலாளருக்கென்று ஓர் ஊரையே நிர்மாணித்தார்: செங்கல் வீடுகள், புஸ்தகசாலை, நாடகக் கொட்டகை, பூங்கா, குழாய்த் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் ஒன்றையும் தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது. வாடகையும் விதிகளும் கம்பெனியின் இஷ்டம். 1893-இல் வந்த பொருளாதார நெருக்கடியில் கூலி சுமார் கால் பங்கு குறைக்கப்பட்டது. வாடகை மட்டும் குறையவில்லை. 1894 மே மாதம் மூண்ட வேலைநிறுத்தம் தேசத்து ரயில் போக்குவரத்தையே ஸ்தம்பிக்கச் செய்து, மத்திய அரசின் துருப்புகள் வந்து இறங்கும் வரையில் போயிற்று. நான்காண்டு கழித்து, ஓர் ஊரை உடைமையாக வைத்துக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு அதிகாரமில்லை என்று இல்லினாய் மாகாணத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்காவும் புஸ்தகசாலையும் பொய்யில்லை. அவற்றுக்குப் பக்கத்தில், வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு வழி ஏற்படுத்தப்படவில்லை என்பதே குறை.

நம் ஊர்ச் சரித்திரத்திலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் தொழிலாளருக்குப் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் நடத்திய, நல்ல முதலாளி என்று பேர் வாங்கிய ஆலைகள். அந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி, பி.பி. வாடியாவின் தலைமையிலும் திரு.வி.க. போன்றோரின் துணையோடும், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவர்கள் முதன்முதலில் எழுப்பிய குறைகளுள் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. ஆலையைச் சோறு போடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை நிதானமாக உண்ண நேரம் கேட்டார்கள். கூகுளின் பந்தியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலாளரின் தூக்குச் சட்டி நினைவுக்கு வருகிறது.

ஜாம்ஷெட்பூரில் நடந்தது வேறு விதம். டாட்டா இரும்பு ஆலை 1912-இல் எட்டு மணி நேர வேலையையும், 1920-இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் சேமநல நிதியையும் ஏற்படுத்தியது. இவற்றுள் முதலிரண்டும் இத்தேசத்தில் சட்டமானது 1948-இல்; சேமநல நிதி சட்டமானது 1952-இல். முதலாளியின் மனத்தில் தோன்றிய ஒரு தாட்சண்யம், எழுதப்பட்ட விதியாகி, பிறகு ஊரார் எல்லோருக்கும் பொதுவான பாத்தியதையாகிவிட்டது. உபசாரம் அடையக்கூடிய மிக உயர்ந்த கதி இதுவென்றே நான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையின் தென்கோடியில் வளர்ந்துவந்த ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகத்தைக் கவனித்துவந்த ஓர் அம்மையாரோடு பல நாட்கள் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் சேர்ந்தபோது அங்கே முப்பது பேர். நான் பழகியபோது முந்நூறு. முப்பது பேராக இருந்த காலத்தில் யார் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருக்குப் பால் சேராது, யார் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வர முடியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய் வார்த்தையாகவே லீவு கொடுப்பார். வாய் வார்த்தையாகவே வண்டி அனுப்புவார். ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அதே கருணை முந்நூறு பேர் நடுவில் பட்சபாதமாகத் தோன்றியது. ஒரு பெண்ணுக்கு வேளச்சேரி வரையில் கேப் போயிற்று, எனக்கு மட்டும் மேடவாக்கத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டவருக்குச் சொல்ல அவரிடம் நியாயம் இருக்கவில்லை. முன்னவரைத் தெரியும், பின்னவரைத் தெரியாது என்பதே உண்மையான காரணம். ஆகவே படிவங்கள் வந்தன, அடையாள அட்டை வந்தது, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண் வந்தது. ‘முன்னெல்லாம் குடும்பம் மாதிரி இருந்ததே அக்கா’ என்று பழையவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் உண்மையானது. என்றாலும் அந்தக் குடும்பத்தின் நிழலில் இடம் கிடைக்காத புதியவர்களுக்குப் படிவம்தான் ஆதரவாக இருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. வளர்கின்ற ஸ்தாபனத்தில் விதி என்பது அன்பின் எதிரி என்று பேசுகிறவர்கள், அன்பு யார் யாரை எட்டவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த அம்மையார் மூலம் நான் கண்ட இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேஜைப் பந்தாட்டத்துக்கு மேஜை வாங்க ஒரே வாரத்தில் மேலிடத்தின் அனுமதி கிடைத்தது. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்திருந்த பன்னிரண்டு பேருக்கு நாற்காலி மாற்றுவதற்கு அரை ஆண்டு ஆயிற்று. இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பந்து மேஜை நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர் கண்ணிலும், பணம் போட வருகிறவர் கண்ணிலும், புகைப்படத்திலும் படுகிறது. நாற்காலியின் குணமோ அதில் உட்காருகிறவரின் முதுகெலும்புக்கு மட்டுமே தெரியும். பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் சௌகரியம் சீக்கிரம் வந்துவிடும். அனுபவிப்பவருக்கு மட்டும் தெரியும் சௌகரியம் காத்துக் கிடக்கும். கழிப்பறையில் தண்ணீர், குளிர்சாதனத்தின் காற்று எந்த மேஜை மேல் நேராக விழுகிறது என்பது, எந்தக் குழுவை எந்த மாடிக்கு எதற்காக மாற்றுகிறார்கள் என்ற தகவல் ஆகிய இவையே நாள்தோறும் மனிதரைச் சுகமாகவோ சிடுசிடுப்பாகவோ வைக்கின்றன. அந்த அம்மையார் கடைசியில் கண்டுபிடித்த முறை மிக எளியது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாளில், இந்த வாரம் கேட்கப்பட்டவை, செய்யப்போவது எப்போது, செய்ய முடியாதவை எவை, ஏன் முடியாது என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். குறைகளின் எண்ணிக்கை குறையவில்லை. குறை சொல்லும் குரலில் இருந்த கசப்பு குறைந்தது.

கூகுளின் வரலாற்றிலேயே பாத்தியதையாக எழுதி வைக்கப்பட்ட சலுகைகள் செய்த வேலையை, வெறும் உபசாரத்தின் பலனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரசவித்த பெண்கள் அதிகமாக வேலையை விட்டுப்போவதைக் கண்டு, 2007-இல் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 18 வாரமாக உயர்த்தினார்கள்; புதுத் தாய்மார் வேலையை விடும் விகிதம் பாதியாகக் குறைந்தது என்று, அந்தக் கம்பெனி எவருடைய கார் கொட்டகையில் தொடங்கியதோ அந்த சூசன் வோஜ்சிக்கி பிற்காலத்தில் எழுதினார். அமெரிக்க ஊழியர் ஒருவர் இறந்துவிட்டால், அவர் மனைவிக்கோ கணவருக்கோ பத்தாண்டு வரையில் பாதிச் சம்பளம் என்ற ஏற்பாடு 2012-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. இறந்தவரால் கம்பெனிக்கு இனி ஒரு லாபமும் இல்லை. எந்த விருந்தினர் கண்ணிலும் அது படப்போவதில்லை. கூகுள் ஊழியருக்குச் செய்தவற்றில் ஆயிரம் மிட்டாய் ஜாடிகளைக் காட்டிலும் உயர்ந்த இடத்தை இந்த ஒன்றுக்கு நான் தருவேன்.

அதே ஸ்தாபனம் 2008-இல் தன் குழந்தைக் காப்பகத்தின் கட்டணத்தைத் திடீரென்று மிகப் பெரிய அளவில் உயர்த்தியபோது பெற்றோர் கலங்கிப் போனார்கள். ஆட்சேபம் எழுந்தபின் உயர்வு ஓரளவு தணிக்கப்பட்டது. குழந்தையை எங்கே விடுவது என்பதை நம்பி வாழ்க்கையையே அமைத்துக்கொண்டவருக்கு, அந்த அமைப்பு பாத்தியதை அன்று, பந்தியே என்று தெரியவந்த நாள் அது. பிறகு 2023 ஜனவரி 20-ஆம் தேதி, சுமார் 12,000 பேரை, அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேரை, விலக்குவதாக அறிவிப்பு வந்தது. அதில் கையெழுத்திட்டவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று அவர் எழுதினார். அமெரிக்காவில் விலக்கப்பட்டவர்க்குக் குறைந்தது 16 வாரச் சம்பளமும், வேலை செய்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு வாரச் சம்பளமும் தரப்பட்டதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பல முதலாளிகள் தராத தாராளம் அது. ஆயினும் நெடுங்காலம் உழைத்தவர் பலர், அதிகாலையில் கணினியைத் திறக்க முயன்று அது திறக்காததாலோ, மின்னஞ்சல் ஒன்றினாலோதான் செய்தியை அறிந்தார்கள். என்ன சாப்பிடுவார், எந்த ஜாடியைத் திறப்பார் என்பது வரையில் கவனித்துவந்த ஸ்தாபனத்துக்கு, போகும்போது எதிரில் உட்கார்ந்து சொல்லும் கடமை தோன்றவில்லை. அந்த ஆண்டு மார்ச்சு இறுதியில் உணவுக்கூடங்களையும் உடற்பயிற்சி வகுப்புகளையும், அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் ஸ்டேப்ளர்களையும்கூடக் குறைக்கும் ஏற்பாடு வந்தது. 2004-ஆம் ஆண்டுக் கடிதத்தின் கணக்கு மாறிவிட்டது.

ஊழியர்கள் தாமே கேட்டபோது எதைக் கேட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான ஓர் உயர் அதிகாரிக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து அனுப்பினார்கள் என்ற செய்தி வெளியானதும், 2018 நவம்பர் 1-ஆம் தேதி உலகெங்கும் சுமார் 20,000 பேர் ஆபீசை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் உணவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புகார் சொன்னவரைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் தனி மத்தியஸ்தத்துக்குக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் ஒழியவேண்டும். சம்பள வித்தியாசம் வெளிப்படவேண்டும். நிர்வாக சபையில் ஊழியரின் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். முதலாவது சில மாதங்களில் நிறைவேறியது. நிர்வாக சபையில் பிரதிநிதி வரவில்லை. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும் என்பதுதானே அந்தக் கடைசிக் கோரிக்கையின் பொருள்?

இதுவரையில் பேசியதெல்லாம் பந்தியில் உட்காருகிறவர்களைப் பற்றி. பரிமாறுகிறவர்கள் வேறு. 2019 மார்ச்சில் கூகுளின் சொந்த ஊழியர் சுமார் 1,02,000 பேர் என்றால், ஒப்பந்தக்காரர் மூலமும் தற்காலிகமாகவும் வேலை செய்தவர் சுமார் 1,21,000 பேர் என்று செய்தி வந்தது. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தாலேயே இரு சாராரும் வேறுபட்டார்கள். சொந்த ஊழியருக்கு வெள்ளை, மற்றவருக்குச் சிவப்பு. நம் ஊர்க் கம்பெனிகளிலும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் செக்யூரிட்டிகளும் கேப் ஓட்டுகிறவர்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தாம். ‘ஊழியர் அனுபவம்’ எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் அனுப்பப்படும் கேள்வித்தாள் அவர்களுக்கு வருவதில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வருகிறது. அதை மேஜை மேஜையாகக் கொண்டுபோய் வைப்பவரும் அவர்களே. ஊழியர் வற்புறுத்தியபின், 2019-இல் கூகுள் தன் அமெரிக்க ஒப்பந்தக்காரர்களுக்குச் சில நிபந்தனைகளை விதித்தது: மணிக்கு 15 டாலருக்குக் குறையாத கூலி, வைத்தியக் காப்பீடு, பெற்றோர் ஆனால் 12 வார விடுப்பு. 2024-இல் கூலியையும் காப்பீட்டையும் பற்றிய நிபந்தனைகளைக் கைவிட்டது. ஒப்பந்த ஊழியருக்குத் தானும் ஒரு முதலாளி என்று சட்டம் கருதிவிடக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம்.

சார்லி அயர்ஸ் அடுப்பு மூட்டி இருபதாண்டு ஆனபோது, அந்தச் சமையலறைகளை ஓர் ஒப்பந்தக்காரர் நடத்திவந்தார். அவரிடம் வேலை பார்த்து, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து கூகுள் ஆபீசுகளில் சமைத்தும் பரிமாறியும் பாத்திரம் துலக்கியும் வந்த சுமார் 2,300 பேர், கூலியும் வேலைப்பளுவும் தாங்கள் நடத்தப்படும் விதமும் சரியில்லை என்று சொல்லி, 2019-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஓசையில்லாமல் ஒரு தொழிற்சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த பொறியியலாளர்கள் தமக்கென்று ஒரு சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டது அதற்கு ஓராண்டு கழித்து, 2021 ஜனவரியில்.